ஐஸ் பெட்டியில் மூன்றாவது குழாய்

அன்புள்ள பெரிய மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். இந்த வரியை எப்போதும் பேச்சுக்கு எழுதுவேன், இன்றைக்கு வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். அடுத்தபடியாக இங்கே நாங்களும் அப்படியே என்று எழுத வேண்டும், அதை எழுதப் போய் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நான்கு முறை சொல்ல வந்தேன். "என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு" என்று நீ கேட்டதும் ஜலதோஷம் என்றேன், சாப்பிட்டாயா என்றேன், வைத்துவிட்டேன். ஒரு மாசமாக எனக்கு விடாத ஜலதோஷம் என்று நம்பிக்கொண்டிருக்கிறாய். தபால் வந்து சேர நாளாகும் என்பதால் எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பிவிடுகிறேன். உட்கார்ந்து படி. பாதியில் என்னைக் கூப்பிடாதே, முழுக்கப் படித்துவிட்டுக் கூப்பிடு.

முதலில் வீட்டுச் சேதி. உன் அப்பா பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டு லிஃப்டையும் பார்த்துக்கொள்கிறார், மூக்குக்கண்ணாடியை மறுபடியும் லிஃப்ட் குழிக்குள் விட்டுவிட்டார், இது மூன்றாவது. மாடிவீட்டுத் தையல்காரம்மா உன் பிள்ளைக்கு ஆறு சட்டை தைத்து வைத்திருக்கிறார், ஆறும் மஞ்சள், பையனோ பெண்ணோ இரண்டுக்கும் ஆகும் என்கிறார். உன் கீழறையில் இப்போது மேனேஜர் படுத்துக்கொள்கிறாள், அதாவது படுத்துக்கொண்டிருந்தாள், மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உன் தங்கைக்கு நீ விளையாட்டாக வைத்த பெயர் இப்போது குழந்தைகள் வார்டு முழுக்கப் பரவிவிட்டது. பத்து வயசுக்கு அவள் செய்கிற அதிகாரத்தைப் பார்க்க வேண்டுமே. சலைன் பாட்டில் மாட்டுகிற ஸ்டாண்டின் சக்கரம் கிறீச்சிடுகிறது என்று உன் அப்பாவை எண்ணெய் கொண்டு வரச் சொல்லி, தன்னுடையதை மட்டுமல்ல, வார்டில் உள்ள பதினோரு ஸ்டாண்டுக்கும் போட வைத்தாள். பேசுகிற பேச்செல்லாம் அப்படியேதான் இருக்கிறது, கண்ணு. உடம்புதான் இல்லை.

ஐந்து மாசத்துக்கு முன்னால் மாடி அறைக்கு ஏறும்போது பாதிப் படியில் உட்கார ஆரம்பித்தாள். பாத்திரம் கழுவ வேண்டி வரும் என்று டிமிக்கி கொடுக்கிறாள் என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு விடாமல் சத்தமும் போட்டேன். பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர், ஓடச் சொன்னால் உதடு நிறம் மாறுகிறது என்று சீட்டு எழுதி அனுப்பிய பிறகுதான் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயில் நெஞ்சுக்கூட்டின் பாதியை இதயமே அடைத்துக்கொண்டு நின்றது. எக்கோ எடுத்த டாக்டரம்மா, போன வருஷம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், குழந்தைகளின் இதயம் மட்டும் பார்ப்பவர், திரையை எங்கள் பக்கம் திருப்பி நிதானமாகச் சொன்னார். தசை தொளதொளவென்று விரிந்துவிட்டது, அடிக்க வேண்டிய அடியில் பாதிதான் அடிக்கிறது. உன் அப்பா வாய் சும்மா இருக்காமல், "எந்த பார்ட் போயிருக்குன்னு சொல்லுங்க டாக்டர், மாத்திடலாம்" என்றார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அதைக் கண்டுபிடிக்கத்தான் பார்க்கணும்" என்றார். காய்ச்சலில் கிருமி போய் இதயத் தசை வீங்கியிருக்கலாம், அப்படியென்றால் மருந்துக்கு ஆறுகிற வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் பிறக்கும்போதே கூடவந்த கோளாறாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்றார்.

வீட்டுச் சுவரில் படமாக இருக்கிறாரே உன் பெரிய மாமா, என் அண்ணன், பத்தொன்பது வயசில் பீரோவைத் தூக்கிக்கொண்டு படி ஏறும்போது சரிந்தவர். வெயிலில் மயக்கம், தூக்கக் கூடாததைத் தூக்கிவிட்டான் என்று எல்லாரும் சொன்னோம், பீரோவைக்கூட விற்றுவிட்டோம். டாக்டரம்மா குடும்பத்தில் யாராவது சின்ன வயசில் இறந்திருக்கிறார்களா என்று கேட்டபோது அந்தப் பீரோதான் என் கண்முன் வந்து நின்றது. ரத்தத்தில் மரபணு பார்த்தார்கள். ஏதோ ஒரு இடத்தில் மாறியிருக்கிறது, ஆனால் அது நோயா, சும்மா ஒரு மாற்றமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தோலில் துளி எடுத்துப் பார்த்தார்கள், அதிலும் தெரியவில்லை, கோளாறு இதயத்தில் மட்டும் கூடிக் கிடக்கலாம் என்றார்கள். கடைசியில் இதயத்திலிருந்தே தசை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று.

உனக்குத் தெரியும், இருபத்து நான்கு வருஷமாக எனக்குச் சோறு போடுவது இந்த மாதிரித் துணுக்குகள்தான். யாருடைய ஈரலோ குடலோ கட்டியோ, பாட்டிலில் வரும், மெழுகில் பதிப்பேன், தோலைவிட மெல்லிசாகச் சீவுவேன், சாயம் ஏற்றிக் கண்ணாடியில் ஒட்டி டாக்டர் முன்னால் வைப்பேன். ஒரு நாளும் அதை ஆளாக நினைத்ததில்லை, நினைத்தால் சீவல் கோணலாகிவிடும். எங்கள் வேலையில் ஒரே ஒரு சட்டம்தான், எடுத்த நிமிஷமே துணுக்கு ஃபார்மலினில் மூழ்க வேண்டும், இல்லாவிட்டால் அழுகிவிடும், காய்ந்துவிடும், நோயாளியை இன்னொரு முறை குத்த வேண்டி வரும். ஃபார்மலின் இல்லாமல் பாட்டில் அனுப்பிய நர்ஸ்களை நான் விடமாட்டேன், மூன்று மாடி ஏறிப்போய்க் கத்திவிட்டு வருவேன். எனக்கு அங்கே ஃபார்மலின் அக்கா என்று பெயர். என் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் எனக்குக் கேட்கும், கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

பயாப்சி அன்றைக்கு என்னை வேலைக்கு வரக் கூடாது என்று எங்கள் பிரிவுத் தலைவர் சொல்லிவிட்டார், நீ இன்றைக்கு அம்மா மட்டும்தான் என்றார். மேனேஜரை மயக்கத்தில் ஆழ்த்தி, கழுத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயத்துக்குள் இறக்கி, நுனியில் இருக்கும் குட்டிக் கத்தரியால் எள்ளளவு எள்ளளவாக ஆறு துணுக்கு எடுத்தார்கள். நானும் உன் அப்பாவும் கதவுக்கு வெளியே நின்றோம். ஒன்றரை மணி நேரம். கதவில் எத்தனை திருகாணி இருக்கிறது என்று உன் அப்பாவைக் கேள், இன்னும் சொல்வார். நல்லபடியாக முடிந்தது என்று டாக்டரம்மா எட்டிப் பார்த்துச் சொன்னார். பின்னாலேயே நர்ஸ் வந்தாள், உன் வயசுதான் இருக்கும், ஒரு கைக்குழந்தைக்காரி. துணுக்குகளைக் கீழே லேபுக்குக் கொண்டுபோக வேண்டும், அட்டெண்டர் எங்கேயோ போய்விட்டார். "அக்கா, உங்களைவிட வழி தெரிஞ்சவங்க யாரு, நீங்களே போயிடுறீங்களா, ஐஸ் கரையறதுக்குள்ள போங்க" என்று பெட்டியை என் கையில் கொடுத்தாள். எனக்கும் அப்போது கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. பறித்துக்கொண்டு ஓடினேன் என்றே சொல்லலாம்.

லேபில் யாரும் இல்லை, என்னோடு வேலை பார்க்கிற லேப் அண்ணன் உள்ளறையில் போனில் பேசிக்கொண்டிருந்தார். எந்தப் பெட்டி வந்தாலும் திறந்து, மூடி இறுகியிருக்கிறதா, துணுக்கு நனைந்திருக்கிறதா என்று பார்ப்பது என் பழக்கம், மூச்சு விடுவது மாதிரி. பார்த்தேன். பெரிய பாட்டிலில் நான்கு துணுக்கு, ஃபார்மலினில் மூழ்கியிருந்தது. இரண்டாவது சின்னக் குழாயில் ஒன்று, எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கு உரிய திரவத்தில் இருந்தது. மூன்றாவது குழாய் வெள்ளித்தாளில் சுற்றி ஐஸுக்கு நடுவில், இரண்டு ரத்தக் குழாய்களோடு இருந்தது. பிரித்தேன். உள்ளே துணுக்கு மட்டும், ஒரு சொட்டுத் திரவம் இல்லை. என் பிள்ளையின் இதயம், கண்ணு, காய்ந்துகொண்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஐஸ் ரத்தத்துக்காக வைத்தது என்று நினைத்தேன். அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே மூலையில் இருக்கும் இருபது லிட்டர் கேனிடம் போனேன், அது சொட்டாமலிருக்க நான்தான் அதன் குழாயில் நூல் கட்டியிருக்கிறேன், அதைத் திறந்து ஃபார்மலின் நிரப்பி, மூடி, அதே வெள்ளித்தாளில் முன்னைவிட நேர்த்தியாகச் சுற்றி வைத்தேன். லேப் அண்ணன் வந்தார், வெள்ளித்தாள் சுற்றின குழாயைப் பிரிக்காமல் அப்படியே ஆழ்குளிர்ப் பெட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஐஸ் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நல்ல நேரத்தில் நான் போனேன், பிள்ளையின் துணுக்கைக் காப்பாற்றினேன் என்ற நினைப்பில் மாடி ஏறினேன். உன் அப்பாவிடம்கூட, இந்தக் காலத்துப் பெண்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை என்று சலித்துக்கொண்டேன்.

அந்த மூன்றாவது குழாய் திரவம் இல்லாமல்தான் இருக்க வேண்டும். தசை உயிரோடு இருந்தபடியே உறைந்து, தூரத்தில் உள்ள பெரிய லேபுக்குப் போய், அதற்குள் சக்தி உண்டாக்குகிற வேலை நடக்கிறதா என்று அளக்க வேண்டும். ஃபார்மலின் பட்டால் எல்லாம் அந்த இடத்திலேயே நின்றுவிடும், அளக்க ஒன்றும் மிஞ்சாது. எங்கள் லேபில் இந்தச் சோதனைக்கு இதுவரை எதுவும் அனுப்பியதில்லை, எப்படிச் செய்வது என்று டாக்டரம்மா எல்லாரையும் கூட்டிச் சொன்ன அன்றைக்கு நான் மேனேஜரை ஸ்கேனுக்குக் கூட்டிப்போயிருந்தேன். எனக்குத் தெரிந்திருக்கும் என்று அந்த நர்ஸ் சொல்லவில்லை. எனக்குத் தெரியாததும் இருக்கும் என்று நானும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தூரத்து லேபிலிருந்து போன் வந்தது. குழாயைத் திறந்ததும் ஃபார்மலின் வாடை அடித்ததாம், சோதனை செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மா நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டார். "நான் ஊத்தல டாக்டர், சத்தியமா ஊத்தல" என்று அவள் அழுதாள், அவளோடு உள்ளே இருந்த வேறு யாருக்கும் நினைவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன என்னை யாரும் கேட்கவில்லை, பெற்றவளே கெடுப்பாளா. அவளை அந்த அறையிலிருந்து எடுத்து வெளிநோயாளிகள் சீட்டு எழுதுகிற மேஜையில் போட்டுவிட்டார்கள். இதெல்லாம் எனக்கு முன்னால்தான் நடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்பது நாள். தினமும் அவள் மேஜையைத் தாண்டித்தான் வார்டுக்குப் போக வேண்டும், அவள் எழுந்து நின்று, பாப்பா எப்படி இருக்கிறாள் அக்கா என்று கேட்பாள். என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி கேட்பாள். நான் பதில் சொல்லிவிட்டுப் போவேன். உன்னைப் பெற்றவள் இப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியட்டும் என்றுதான் இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

இதற்கு நடுவில் மற்றத் துணுக்குகளின் ஸ்லைடு வந்தது. பார்க்கக் கூடாது என்று தலைவர் சொல்லியிருந்தார், அவர் வெளியே போயிருந்தபோது மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டேன். லேப் அண்ணன் நன்றாகத்தான் சீவியிருந்தார், ஒரு சுருக்கம் இல்லை, சாயமும் அளவோடு ஏறியிருந்தது, முதலில் அதைத்தான் பார்த்தேன், பழக்கம் விடுமா. அப்புறம்தான் தசை தெரிந்தது. இளஞ்சிவப்பாக நெருக்கி அடுக்கின மாதிரி இருக்க வேண்டிய நார்களுக்குள் ஓட்டை ஓட்டையாக வெற்றிடம். வீக்கத்தின் அடையாளம் எங்கேயும் இல்லை. மருந்துக்கு ஆறிவிடும் என்று பிடித்துக்கொண்டிருந்த கயிறு என் கண்ணுக்கு முன்னால் அறுந்தது. யாருடைய ஸ்லைடையோ பார்த்து ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனவள்தானே நான், அன்றைக்கு மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எலெக்ட்ரான் படத்தில், சக்தி உண்டாக்குகிற துகள்கள் குவிந்து உருமாறிக் கிடப்பதாக வந்தது. சந்தேகம் பலமாகிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல அந்த உறைந்த துணுக்குதான் வேண்டும் என்றார் டாக்டரம்மா.

அந்தத் துணுக்கை நம்பி என்னவெல்லாம் நிற்கிறது தெரியுமா. கோளாறு இதயத்தோடு நின்றால் மாற்று இதயத்துக்குப் பெயர் பதியலாம். உடம்பெல்லாம் அதே கோளாறு என்றால் புது இதயம் வைத்தும் பயன் இருக்குமா என்று யோசிக்க வேண்டும். சில மருந்துகள் அவளுக்குக் கெடுதல் செய்யும், அது எது என்று தெரிய வேண்டும். எதுவும் தெரியாததால் மூன்று வாரமாகப் பொத்தாம்பொதுவான மருந்து போகிறது, கால் வீங்குகிறது, வடிகிறது, மறுபடி வீங்குகிறது. போன வாரம் எக்கோவில் இதயத்தின் அடி முன்னைவிடக் குறைவு. நான் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் என்ன ஆயிற்று என்றால், அந்த நர்ஸ் தன் கைக்குழந்தையின் பழைய விளையாட்டுச் சாமான் ஒன்றை மேனேஜருக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். "என்னாலதானே பாப்பாவுக்கு லேட்டாகுது" என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரம்மா அறைக்குப் போய் நின்றபடியே சொல்லிவிட்டேன். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானாக இருந்தால் கத்தியிருப்பேன். "ஒன்பது நாளைக்கு முன்னாடி சொல்லியிருந்தா, அவ கொஞ்சம் தெம்பா இருந்தப்பவே திரும்ப எடுத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். நர்ஸ் கையை விடுவித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவளை மறுபடி பழைய அறைக்கே போட்டுவிட்டார்கள். இப்போது என்னைப் பார்த்தால் அக்கா என்று கூப்பிடுவதில்லை, அம்மா என்கிறாள், எல்லா நோயாளியின் அம்மாவையும் கூப்பிடுகிற மாதிரி.

உன் அப்பாவிடம் அன்றைக்குச் சாயங்காலம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். எழுந்து போய்த் திருப்புளியை எடுத்துவந்து நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தவிர மற்ற எல்லா நாற்காலியையும் கவிழ்த்துப் போட்டுத் திருகாணிகளை முறுக்கினார். அப்புறம் மேஜையை, அப்புறம் கட்டிலை. வீட்டில் இப்போது ஆடுகிற சாமான் என்று ஒன்றுமே இல்லை. மறுநாள் காலையில், "நீ வேணும்னு செய்யல, அதுதான் பிரச்சினையே, யார்மேல கோவிக்கிறதுன்னு தெரியல" என்றார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், இதற்காகத்தான் இத்தனையும். டாக்டரம்மா சந்தேகப்படுகிற கோளாறு தாய் வழியாக மட்டும் வருவதாம். அப்பா கொடுப்பதே இல்லை. அம்மாவிடம் இருந்தால் எல்லாப் பிள்ளைக்கும் போகும், ஒருவருக்கு அதிகம், ஒருவருக்குக் கொஞ்சம், ஒருவருக்கு இருந்தும் தெரியாது. அப்படி இல்லாமல் அப்பா அம்மா இருவரிடமும் பாதிப்பாதி இருந்து சேர்ந்ததாகவும் இருக்கலாம், அப்படியென்றால் உன் பிள்ளைக்குப் பெரிதாகப் பயமில்லை. இதில் எது என்று சொல்லத்தான் அந்த மூன்றாவது குழாய். அதைத்தான் நான் கெடுத்தேன், உன் தங்கைக்கு மட்டுமல்ல, உனக்கும் உன் வயிற்றில் இருப்பதற்கும் சேர்த்துக் கெடுத்தேன். எனக்கும் எக்கோ எடுத்தார்கள், ஒரு குறையும் இல்லை, இந்த வயசுக்கு அருமையான இதயம் என்றார்கள். அண்ணனுக்கு வந்து, உன் தங்கைக்கு வந்து, நடுவில் நான் கையை வீசிக்கொண்டு நிற்கிறேன். எனக்கு ஒன்றும் இல்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன மாசம் நீ போனில், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று சொன்னாய். ஆறாம் மாசம் என்றால் அப்படித்தான் இருக்கும், எனக்கும் இருந்தது, பயப்படாதே என்று பெரிய மனுஷியாகச் சொன்னேன். அதைச் சொல்லும்போது பக்கத்து அறையில் உன் தங்கை அதே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது, அப்போதும் சொன்னேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று நானும் உன் அப்பாவும் பேசி வைத்துக்கொண்டிருந்தோம், பிள்ளைத்தாய்ச்சி, தூரத்தில் தனியாகத் தவிப்பாள் என்று. உன் மூச்சு கர்ப்பத்து மூச்சாகவே இருக்கலாம், நூற்றுக்குத் தொண்ணூறு அப்படித்தான் இருக்கும். மீதிப் பத்தை நான் இனிமேல் என் வாயால் இல்லை என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியும் என்று நான் சொன்னதெல்லாம் போதும்.

வருகிற புதன்கிழமை மேனேஜருக்கு மறுபடி எடுக்கிறார்கள். இதயச் சுவர் மெலிந்துவிட்டதால் கம்பி குத்திவிடுகிற ஆபத்து முதல் தடவையைவிடக் கூடுதல் என்று டாக்டரம்மா எதையும் மூடி மறைக்காமல் சொன்னார். எடுக்காமல் விட்டால் இருட்டில் மருந்து கொடுக்கிற மாதிரிதான் என்றும் சொன்னார். கையெழுத்துப் போடுங்கள் என்று தாளை நீட்டினார்கள். உன் அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. கடைசியில் சரி என்பதற்குத்தான் கோடு போட்ட இடம் இருந்தது, அதில் போட்டோம்.

அவளிடம் சொல்லாமல் இருக்க முடியுமா. நேற்று மத்தியானம் பால் குடித்துக்கொண்டிருந்தவளிடம், இன்னொரு தடவை எடுக்க வேண்டியிருக்கிறது என்றேன். "போன தடவை எடுத்தத என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள். டாக்டர், லேப் என்று ஏதேதோ சுற்றி வளைத்துவிட்டு, அம்மாதான் கெடுத்துவிட்டேன் என்றேன். மேலுதட்டில் பால் மீசையோடு என்னையே பார்த்தாள். கோபித்துக்கொள்வாள், அழுவாள் என்று காத்திருந்தேன். விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "போன தடவை ஆறு. இந்தத் தடவை ரெண்டுன்னாலும் எட்டு. ஏம்மா, எடுத்துட்டே இருந்தா தீர்ந்துடாதா?" என்றாள். எள்ளளவு துணுக்கில் எத்தனை சீவல் வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவள் கேட்டது அந்தக் கணக்கு இல்லை, கண்ணு. தீராது என்று சொன்னேன். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்த்தாள், நம்பினாளா என்று தெரியவில்லை, தம்ளரை நீட்டினாள், வாங்கிக் கழுவி வைத்தேன்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள். அந்த நேரத்தில் நீ எங்கிருந்தாலும் ஒரு நிமிஷம் அவளை நினைத்துக்கொள், வேறு எதுவும் நம்மால் செய்ய முடியாது. மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, ஒளிக்காதே, நான் ஒளித்தது போதும். கனமாக எதையும் தூக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. உங்கள் மூன்று பேருக்கும் என் உயிரெல்லாம் சேர்த்து ஆசீர்வாதம், அப்பாவும் ஆசீர்வதிக்கச் சொன்னார், மேனேஜர் தன் உத்தரவாக, பிள்ளைக்கு நான்தான் பெயர் வைப்பேன் என்று எழுதச் சொன்னாள். இந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே, முதலில் உன் டாக்டருக்குச் செய், எக்கோவுக்கு நாள் வாங்கு, தங்கைக்கு இப்படி என்று எல்லாவற்றையும் சொல். என்மேல் கோபம் வரும். வரட்டும், அது ஆறுகிற வரைக்கும் இருந்துவிடாதே, கோபத்தோடேயே கிளம்பிப் போ.

இப்படிக்கு,
உன் அம்மா